வாகனத்தில் மேலதிக ஸ்பீக்கர் இணைத்தல்: திருகோணமலை வாகனக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் வாகன ஒலி வேலை செய்துவரும் எங்கள் சிறிய பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், வாகனத்தை விட்டு இறங்கும்போதே “பின்னால இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் போட வேணும், எவ்வளவு முடியும்?” என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். விலையைச் சொல்வதற்கு முன்பாக நாங்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் அவர்களுக்குச் சலிப்பைத் தருவதுண்டு. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் வெட்டி முறுக்கப்பட்ட வயர்களைத் திருத்துவதிலேயே எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. இந்த வேலையை வீட்டில் தாமே செய்ய விரும்புகிறவர்களுக்கும், வயரிங் பாஸிடம் கொடுத்துவிட்டு அருகில் நின்று கவனிக்க விரும்புகிறவர்களுக்கும் உதவும் என்று எண்ணி அவற்றை இங்கே எழுதியிருக்கிறோம்.

என் செட்டில் (வாகன ரேடியோவில்) நான்கு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டை அதே வயரில் சேர்த்து முறுக்கிவிடலாமா?

முறுக்குவது எளிது, அதனால் நேர்வது செட்டின் உள்ளே நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓம் என்பது மின்தடையை அளக்கும் அலகு. வாகன ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 ஓம் அளவுடையவை. சந்தையில் உள்ள பெரும்பாலான செட்டுகளும் ஒவ்வொரு ஸ்பீக்கர் வெளியீட்டிலும் 4 ஓமுக்குக் குறையாத சுமை இருக்கும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கின்றன. நேர் முனையோடு நேர் முனையையும், எதிர் முனையோடு எதிர் முனையையும் சேர்த்து இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே வெளியீட்டில் பூட்டினால், அவை சமாந்தரமாக இணைந்து, செட்டுக்குத் தெரியும் அளவு 2 ஓமாக இறங்கிவிடும். மூன்றைப் பூட்டினால் அது 1.33 ஓம். ஓம் பாதியானால் செட் தர வேண்டிய மின்னோட்டம் இரு மடங்காகும். நம்மூரில் ‘ஓம்’ என்றால் சம்மதம் என்று பொருள். ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் ஓம் அவ்வளவு இலகுவில் சம்மதிக்காது.

ஒலியைக் குறைத்து வைத்திருக்கும்வரை எந்தக் குறையும் வெளிப்படாது என்பதுதான் இதிலுள்ள தொல்லை. நிலாவெளிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றின் சாரதி, “ரவுணுக்குள்ள நல்லாப் பாடுது அண்ணை, சாம்பல்தீவு தாண்டினா நிண்டுபோகுது” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அலை கிடைக்கவில்லை என்று நினைத்து அவர் அன்ரெனாவையும் மாற்றிப் பார்த்திருந்தார். செட்டைக் கழற்றிப் பார்த்தபோது பின்பக்க வெளியீடுகள் ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பீக்கர்கள் முறுக்கப்பட்டிருந்தன. நகரத்துக்குள் மெல்லப் பாடவிட்டு, வீதி வெளித்ததும் ஒலியைக் கூட்டுவது அவருடைய வழக்கம். சாம்பல்தீவைத் தாண்டும் நேரத்துக்குள் செட்டின் பின்புற அலுமினியத் தகடு கை வைக்க முடியாதபடி சூடாகி, உள்ளே இருக்கும் காப்புச் சுற்று ஒலியை நிறுத்திவிடும். சற்று ஆறியதும் மீண்டும் பாடும். பாவம், சாம்பல்தீவின் மேல் ஒரு பிழையும் இல்லை.

அப்படியானால் தொடராக இணைத்தால் பாதுகாப்பா?

பாதுகாப்புத்தான். ஒரு ஸ்பீக்கரின் எதிர் முனையிலிருந்து மற்றதன் நேர் முனைக்குப் போய், எஞ்சிய இரு முனைகளைச் செட்டுக்குக் கொண்டுவந்தால், இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் சேர்ந்து 8 ஓமாகத் தெரியும். செட்டுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் இழப்பு வேறு பக்கத்தில் வருகிறது. 4 ஓமில் 20 வாற்ஸ் தரும் வெளியீடு 8 ஓமில் ஏறத்தாழ 10 வாற்ஸ்தான் தரும். அதையும் இரண்டு ஸ்பீக்கர்கள் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5 வாற்ஸ். இரண்டும் ஒரே வகையாக இல்லாவிட்டால் ஒன்று கத்தும், மற்றது முனகும். ஒன்றின் சுருள் அறுந்தால் இரண்டும் ஊமையாகிவிடும். வானின் கடைசி ஆசனத்தில் இருப்பவர்களுக்கும் செய்தியும் பாட்டும் மெதுவாகக் கேட்டாற் போதும் என்கிறவர்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும். அதிர வேண்டும் என்கிறவர்களுக்குப் போதாது.

ஓம் குறையாமல் ஒரு பக்கத்துக்கு நான்கு ஸ்பீக்கர்கள் போட வழியே இல்லையா?

இருக்கிறது. இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்து 8 ஓம் கொண்ட இரண்டு சோடிகளை உண்டாக்கி, அந்தச் சோடிகளைச் சமாந்தரமாகச் செட்டில் பூட்டினால் மொத்தம் மீண்டும் 4 ஓமுக்கே வந்துவிடும். நான்கும் ஒரே ஓம் அளவும் ஒரே வகையுமாக இருக்க வேண்டும். செட் தரும் சக்தி மட்டும் கூடுவதில்லை. அதே 20 வாற்ஸை நால்வருக்குப் பரிமாறுகிறீர்கள்.

வயரை வெட்டுவதற்கு முன் மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கழற்றிய நிலையில் அளந்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். முதுகில் ஒட்டிய தாள் உரிந்துபோன பழைய ஸ்பீக்கர்களுக்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. விலை கூடிய சில வாகனங்களில் கம்பனியே பூட்டிய ஸ்பீக்கர்கள் 2 ஓமாகவோ அதற்குக் குறைவாகவோ இருப்பதும் உண்டு. அவற்றைத் தனி அம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) ஒன்று இயக்கும். சாதாரண செட் ஒன்றை அவற்றில் நேரடியாகப் பூட்டக் கூடாது.

செட்டின் பெட்டியில் ‘50 வாற்ஸ் × 4’ என்று எழுதியிருக்கிறதே, நீங்கள் ஏன் 20 என்கிறீர்கள்?

பெட்டியில் எழுதியிருப்பது ஒரு கண நேர உச்சம். எஞ்சின் ஓடும்போது வாகனத்தில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ற். தனி அம்ப் இல்லாத செட் அந்த வோல்ற்றை உள்ளே கூட்டிக்கொள்வதில்லை. ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தரக்கூடிய சுத்தமான சக்தியின் எல்லை, 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் வரும் 26 வாற்ஸ்தான். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் 18 முதல் 22 வாற்ஸ் வரை எஞ்சும்.

பழுதான செட் ஒன்றின் மேல் தகட்டைக் கழற்றினால் இதைக் கண்ணாலேயே காணலாம். பின்புற அலுமினியத் தகட்டோடு ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டு, 25 கால்களோடு ஒரு கறுப்பு ஐசி (மின்சுற்று முழுவதும் அடங்கிய சிறு துண்டு) இருக்கும். நான்கு ஸ்பீக்கர்களையும் இயக்குவது அது ஒன்றுதான். இவ்வகையில் பரவலாகப் பாவிக்கப்படும் ரி.டி.ஏ. 7388 என்ற ஐசியை எடுத்துக்கொண்டால், அதன் தரவுத்தாளில் உச்சமாக 45 வாற்ஸ் என்றும், 14.4 வோல்ற்றில் பத்து வீதச் சிதைவோடு 26 வாற்ஸ் என்றும் இருக்கிறது. பத்து வீதச் சிதைவு என்றால் பாட்டு ஏற்கெனவே பிளந்து கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுண்டுவிரல் நீளத்தில் ஏறத்தாழப் பாதியே உள்ள அந்த ஐசியைப் பார்த்த பிறகு ‘இருநூறு வாற்ஸ் செட்’ என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஸ்பீக்கரைக் கூட்டினால் சத்தம் கூடுமா?

நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கூடாது. சக்தியை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் கூடுகிறது; அது காது “கொஞ்சம் கூடியிருக்கிறது” என்று உணரும் அளவு மட்டுமே. முன்பைவிட இரு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். இதனால்தான் ஸ்பீக்கரின் எண்ணிக்கையையும் வாற்ஸையும்விட, அதன் பெட்டியில் டெசிபெல் அளவில் குறிக்கப்பட்டிருக்கும் உணர்திறனை, அதாவது அதே சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பார்க்கச் சொல்கிறோம். 87 டெசிபெல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கரைப் பூட்டுவது, செட்டின் சக்தியை இரு மடங்காக்குவதற்குச் சமம். அதற்காக ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

எங்கள் அபிப்பிராயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். முன் கதவுகளில் இருக்கும் பழைய காகித ஸ்பீக்கர்களை உணர்திறன் கூடிய ஒரு சோடி ஆறரை இஞ்சி ஸ்பீக்கர்களால் மாற்றிவிட்டால், மேலதிக ஸ்பீக்கர் கேட்டு வருகிறவர்களில் பலர் அதோடு திருப்தியாகத் திரும்பிப் போகலாம். இதைச் சொல்வதால் எங்களுக்கு வேலை குறைகிறது என்பது உண்மைதான்.

செட்டின் பின்னால் வரும் வயர்களின் நிறங்களுக்கு என்ன பொருள்? எதிர் வயர்களை உடற்தகட்டில் பூட்டலாமா?

வெளிச்சந்தையில் வாங்கும் செட்டுகளில் நிற ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றுதான். மஞ்சள் பற்றரியிலிருந்து நேரடியாக வருவது, சிவப்பு திறப்பைத் திருப்பியபின் மின் வருவது, கறுப்பு ஏர்த், அதாவது வாகனத்தின் உடற்தகட்டோடு சேர்வது. நீலத்தில் வெள்ளைக் கோடிட்டது தனி அம்ப்பை எழுப்புவதற்கானது. ஸ்பீக்கர்களில் வெள்ளைச் சோடி முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொரு சோடியிலும் கறுப்புக் கோடிட்ட வயர் எதிர் முனை. வாகனத்தின் பக்கத்து நிறங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவதால் அங்கே நிறத்தை நம்பாமல் அளந்தே முடிவெடுக்க வேண்டும்.

அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து அதை ஏர்த் என்று எண்ணி உடற்தகட்டில் பூட்டிவிடாதீர்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே மின்சாரத்தால் இயக்கப்படுகின்றன. பாட்டு நின்றிருக்கும்போதுகூட ஒவ்வொரு முனையிலும் பற்றரி வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி நின்றுகொண்டிருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது என் மச்சானின் வானில். தொழிலுக்கு வந்த புதிதில் வயரை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒவ்வொரு நேர் வயர் மட்டும் இழுத்துவிட்டு, எதிர் முனைகளைப் பின் சில்லின் மேலுள்ள தகட்டில் திருகாணியால் இறுக்கினேன். பழைய காலத்து ஒற்றை வயர் செட்டுகளில் அப்படிச் செய்வதுண்டு. திறப்பைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்ரிக்கின் நெடி. செட் ஒரு சொல்கூடச் சொல்லாமல் செத்துப்போனது. வயரில் மிச்சம் பிடித்தது சில மீற்றர். வாங்கிக் கொடுத்தது புதுச் செட். மச்சான் இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. இதே காரணத்தால், இரண்டு பக்கங்களின் எதிர் வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வயராகக் கொண்டுவருவதும் கூடாது.

ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தில் பின் ஸ்பீக்கருக்கு வயர் ஏற்கெனவே இருக்குமா?

பல வாகனங்களில் இருக்கும். டொயோட்டாக்களில் செட்டின் பின்னால் 10 முனையும் 6 முனையும் கொண்ட இரண்டு கொனெக்டர்கள் வழக்கமாக வரும். பத்தில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், ஆறில் பின் ஸ்பீக்கர்களும் இருக்கும். ஆறு முனைக் கொனெக்டர் தொங்கிக்கொண்டிருந்தால், பின் கதவு அட்டையைக் கழற்றி அதன் மறுமுனையைத் தேடிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களோடு மட்டும் விற்கப்பட்ட தரங்களில் சிலவற்றில் வயர் வந்து காத்திருக்கும், சிலவற்றில் வந்திருக்காது. வந்திருந்தால் சமாந்தரம், தொடர் என்ற கணக்கே தேவைப்படாது: செட்டில் சும்மா கிடந்த இரண்டு வெளியீடுகள் உங்களுக்குக் கிடைக்கின்றன, முன் பின் ஒலியைச் செட்டிலேயே கூட்டிக் குறைக்கவும் முடியும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பாவிக்கப்படாத வெளியீடு இருக்கிறதா என்பதைத்தான்.

ஜப்பானியச் செட்டையே வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் மட்டும் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். ஜப்பானின் எப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்சில் தொடங்கி 90இல் முடிவதாகவே நீண்டகாலம் இருந்தது. நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. அலைவரிசையைக் கீழிறக்கித் தரும் சிறு பெட்டி ஒன்றைப் பூட்டாவிட்டால், எத்தனை ஸ்பீக்கர் போட்டாலும் நம் வானொலிகளில் பெரும்பாலானவை அதில் வராது.

எந்த வயரைப் பாவிக்க வேண்டும்? ஒரு வருடத்துக்குள் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்குவது ஏன்?

இந்த ஊரில் ஸ்பீக்கரைக் கொல்வதில் மிகையான சக்தியைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகம் என்று நாங்கள் நினைக்கிறோம். மூன்று பக்கமும் கடல். ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலைக் கொண்டுவந்து ரப்பரையும் பசையையும் உலர்த்துகிறது. கார்த்திகை மார்கழியில் வாடை மழை ஈரத்தைக் கொண்டுவந்து அதே வெடிப்புகளுக்குள் விடுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்திவைக்கும் வாகனங்களில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கரகரக்கும் ஒரு வாகனத்தில் நாங்கள் கண்டது இது. கால் மிதியடிக்குக் கீழே, வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய மூட்டு ஒன்று இருந்தது. டேப்பைத் தொட்டதும் அதன் பசை கித்துள் பாணி போல இழுபட்டது. உரித்து எடுத்தபோது உள்ளே வயரின் இழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. மூட்டை வெட்டிவிட்டு வயரைச் சீவிக்கொண்டே போனோம். ஒரு சாண் தூரம்வரை இழைகள் கறுத்திருந்தன. மூட்டின் வழியாக நுழைந்த ஈரம் உறைக்குள் ஏறியே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

வயரின் தடிப்பைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். வானின் பின்பகுதிக்கு 6 மீற்றர் என்றால் போய்வர 12 மீற்றர். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் அதன் தடை ஏறத்தாழ 0.28 ஓம், 1.5 சதுர மில்லிமீற்றரில் 0.14 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு முதலாவதே சமாளிக்கும், இரண்டாவது தாராளம். அதற்கு மேல் தடித்த வயருக்குக் கொடுக்கும் காசு வீண். ஆனால் இந்தக் கணக்கு உண்மையான செம்புக்குரியது. மலிவாகக் கிடைக்கும் வயர்களில் பல, மேலே மட்டும் செம்பு உடுத்த அலுமினியம். அவற்றின் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, உப்பில் உக்குவதோ அதைவிட வேகம். ஓர் இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் உள்ளே செம்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளுக்குப் பாவிப்பது இந்த வகையைத்தான். விலை கூடினாலும் கடற்கரை வாகனங்களுக்கு இதையே எடுக்கச் சொல்கிறோம். கிடைக்காவிட்டால் படகுகளுக்கு மின்வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மூட்டுகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், ஈயம் வைத்தோ சரியான குறட்டால் நசுக்கியோ இணைத்து, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசையும் உருகும் குழாயால் மூட வேண்டும். மூட்டு எதுவும் தரையில் இருக்கக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கும் இடம் அதுதான்.

கதவில் ஸ்பீக்கர் போட்டால் மழைத் தண்ணீர் படாதா?

படும். கண்ணாடியோரம் வழியும் மழைத் தண்ணீர் கதவின் உள்ளே இறங்கி அடித்துளைகளால் வெளியேறும்படிதான் கதவு செய்யப்பட்டிருக்கிறது. உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளைக் கிழித்தெறியும் பழக்கம் நம் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. அதைத் திரும்ப ஒட்டாவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் அட்டைக்கும் மிதியடிக்கும் வந்துவிடும். புதிதாகத் துளை வெட்டும் முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் முட்டாதபடி ஆழம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். வெட்டிய விளிம்புக்கு அன்றைக்கே துருக்காப்புப் பூச்சுப் பூசுங்கள்.

நேர் எதிர் மாறிப் பூட்டினால் ஸ்பீக்கர் எரிந்துபோகுமா?

எரியாது, ஆனால் ‘பேஸ்’ காணாமற்போகும். ஒரு பக்க ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மறுபக்க ஸ்பீக்கர் உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மேலதிக ஸ்பீக்கர் போட்ட பிறகு முன்பைவிட மெலிந்து கேட்கிறது என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான். செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரில் 1.5 வோல்ற் டோர்ச் பற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுங்கள். நீங்கள் நேர் என்று கருதும் வயரில் பற்றரியின் நேர் முனை பட்டபோது கூம்பு வெளியே எழும்பினால் சரி. உள்ளே அமிழ்ந்தால் மாறியிருக்கிறது. ஒருவர் பற்றரியைத் தொட, மற்றவர் கூம்பின் விளிம்பில் விரல்நுனியை வைத்திருந்தால் இருட்டிலும் சொல்லிவிடலாம்.

ட்வீற்றர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) ஒரு சோடியை மட்டும் சேர்த்தால் ஓம் குறையுமா?

கண்டென்சர் இல்லாமல் சேர்த்தால் குறையும், ட்வீற்றரும் கெதியில் எரியும். முனைவு இல்லாத 4.7 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்றை 4 ஓம் ட்வீற்றரின் நேர் வயரில் தொடராக வைத்தால் ஏறத்தாழ 8,500 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகளை அது படிப்படியாகத் தடுக்கும். 10 மைக்ரோபரட் வைத்தால் அந்த எல்லை 4,000 அளவுக்கு இறங்கும். தாழ்ந்த ஒலிகளில் ட்வீற்றர் அங்கே இருப்பதே செட்டுக்குத் தெரியாது. ஆகவே கதவு ஸ்பீக்கரோடு சமாந்தரமாகப் பூட்டினாலும் சுமை அவ்வளவாகக் கூடுவதில்லை. மேலதிக ஸ்பீக்கர்களுக்குள் சமாந்தரமாகக் கவலையில்லாமல் சேர்க்கக்கூடியது இது ஒன்றுதான்.

எப்போது தனி அம்ப் தேவை? அதற்கு வயர் இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சப்வூபர் (தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) வேண்டும் என்றாலோ, ஆறு ஸ்பீக்கர்களும் முழுச் சக்தியோடு பாட வேண்டும் என்றாலோ அம்ப் இல்லாமல் முடியாது. கம்பனிச் செட்டை மாற்ற மனமில்லாதவர்கள், ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் உள்ளீடு உள்ள அம்ப்பைத் தேடி வாங்கலாம்.

அம்ப்பின் மின் வயர் பற்றரியிலிருந்து தனியாக வர வேண்டும். செட்டின் மஞ்சள் வயரில் கிளை எடுக்கக் கூடாது. பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். “அம்ப்பிலேயே பியூஸ் இருக்கிறதே” என்று பலர் கேட்கிறார்கள். அது அம்ப்பைக் காப்பது. பற்றரியருகில் வைப்பது வயரைக் காப்பது. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையில் வயரின் உறை தேய்ந்து செம்பு தகட்டில் பட்டால், இடையில் பியூஸ் இல்லாத பற்றரி தன் முழுப் பலத்தையும் அந்த வயரில் இறக்கும். சில நொடிகளில் தீப்பிடிக்கலாம். அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

தொடர்ச்சியாக 300 வாற்ஸ் தரும் பழைய வகை அம்ப் முழு ஒலியில் ஏறத்தாழ 40 அம்பியர் இழுக்கும். மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் டி வகுப்பு அம்ப் என்றால் 27 அளவு. சிறிய ஜப்பானிய வாகனங்களின் ஓல்ரநேற்றருக்கு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவிக்கு) இது சிறிய சுமையன்று. ‘பேஸ்’ அடிக்கும் ஒவ்வொரு தடவையும் முன்விளக்கு மங்கினால், வயரையும் ஏர்த்தையும் பார்த்துவிட்டு அடுத்து ஓல்ரநேற்றரைத்தான் பார்க்க வேண்டும்.

அம்ப் போட்ட பிறகு, எஞ்சினை முறுக்கும்போது ‘ஊ’ என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது. ஏன்?

ஓல்ரநேற்றரின் சத்தம் ஒலிப்பாதைக்குள் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஏர்த். அம்ப்பின் கறுப்பு வயரைக் குறுகியதாக வைத்து, தகட்டின் பெயின்றை வெள்ளிபோல் மின்னும்வரை சுரண்டி, பல்லுள்ள வளையத்தோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஆசனப் பட்டியின் போல்ற்றில் ஏர்த் எடுக்க வேண்டாம். ஒலி வயரை ஒரு பக்கத்தாலும் மின் வயரை மறுபக்கத்தாலும் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிய வாகனங்களில் இந்தச் சத்தம் வரக்கூடும்.

ஹைபிரிட் வாகனத்தில் இந்த வேலையைச் செய்யலாமா?

12 வோல்ற் பக்கத்தில் செய்யலாம். செம்மஞ்சள் உறையிட்ட தடித்த வயர்கள் உயர் வோல்ற்றுக்குரியவை. அவற்றைத் தொடவோ அவற்றின் பாதையில் துளையிடவோ கூடாது. பிரியஸின் சில மாதிரிகளைப் போல 12 வோல்ற் பற்றரி பின்பக்கத்தில் இருந்தால் அம்ப்புக்கு வயர் இழுப்பது சுலபமே. ஹைபிரிட்டோ சாதாரணமோ, எந்த வாகனமானாலும் மஞ்சள் கொனெக்டருள்ள வயர் எயார்பாக்குக்குரியது. முன் தூண்களில் ட்வீற்றர் வைக்கிறவர்கள் அட்டையைக் கழற்றும் முன் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

முச்சக்கரவண்டிக்கும் இதே கணக்குத்தானா?

இதே கணக்குத்தான், கையிருப்பு மட்டும் குறைவு. பற்றரி சிறியது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றமும் மெலிவு. நல்ல உணர்திறனுள்ள ஒரு சோடி ஸ்பீக்கர் போதும். தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் பாட்டுக் கேட்டவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களை என்ன செய்வது?

எறிந்துவிடாதீர்கள். அவற்றின் பிளாஸ்ரிக் வளையமும் கொனெக்டரும் அந்த வாகனத்துக்கென்றே செய்யப்பட்டவை. புதிய ஸ்பீக்கரைப் பூட்டும்போது அளவெடுக்க அவையே உதவும், வாகனத்தை விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்பதும் அவற்றைத்தான். ஒரு பையில் சுற்றி, எந்தக் கதவிலிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள்.